சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு தையல்காரி சொல்வது

பெரம்பூரில் ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறேன்.

எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் "ஆபரேஷன் முடியட்டும்" என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். பையனுக்குப் பெண் பார்ப்பது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மூக்குக் கண்ணாடி மாற்றுவது, ஊரில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்ப்பது, எல்லாம். ஆபரேஷனுக்குத் தேதி கிடையாது. அதனால் தள்ளிவைத்த எதற்கும் தேதி கிடையாது. கொஞ்ச நாளில் ஆள் சுருங்கிப்போகிறார். மெஷினில் படுப்பது, வீட்டில் படுப்பது, போனைப் பார்ப்பது என்று மூன்று வேலைதான் மிச்சம். "தைரியமா இருங்க" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் நான் சொல்கிறேன்.

தேதி கொடுங்கள்

துணியோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது கூலியை இல்லை. "எப்பக்கா கிடைக்கும்?" என்பதைத்தான். நோய் வந்த புதிதில் இந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. கிட்னி வந்திருக்கிறது என்று நாளைக்கே போன் வந்து ஆபரேஷனுக்குப் போய்விட்டால் அப்புறம் சில மாதம் தையல் மெஷினில் உட்கார முடியாது. ஆனால் தேதி சொல்லாத தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள்?

பின் தெருவில் இன்னொரு அக்கா தைக்கிறார். நல்ல கை. அவரிடம் பேசிவைத்தேன். எனக்குப் போன் வந்தால் என் அலமாரியில் இருக்கும் பைகள் எல்லாம் அவர் பொறுப்பு, கூலியும் அவருக்கே. அதற்காக ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு குத்திவைக்கிறேன். அளவு, முன் கழுத்து எத்தனை இஞ்ச், பின் கழுத்து எத்தனை இஞ்ச், லைனிங் உண்டா இல்லையா, ஹூக் முன்னாலா பின்னாலா, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியாயிற்று, வேலை எதுவரை வந்திருக்கிறது. ராத்திரி மெஷினுக்கு உறை போடும் முன் அன்றைக்குக் கை வைத்த பைகளின் சீட்டை மட்டும் திருத்துவேன். "கை ஏத்தியாச்சு, ஹெம்மிங் பாக்கி" என்கிற மாதிரி. காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது.

இந்த ஏற்பாடு இருப்பதால் ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைக்கு தீபாவளிக்குத் தருகிறேன் என்று துணிந்து சொல்கிறேன். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே அட்வான்ஸ் வாங்குகிறேன். வாங்கின அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தை மாதத்தில் ஒரு வேலை இருக்கிறது, என்னை நம்பி ஒரு கல்யாணப்பெண் இருக்கிறாள். அந்தப் பணத்தை எண்ணிப் பர்ஸில் வைக்கும்போது வருகிற தெம்பு எந்த ஆறுதல் பேச்சிலும் எனக்கு வந்ததில்லை.

உங்கள் தொழில் வேறாக இருக்கும். என் பக்கத்துப் படுக்கைக்கு வரும் மாஸ்டர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். எந்தப் பயிற்சி வரை முடித்தார் என்று புத்தக ஓரத்தில் பென்சிலில் குறித்துவிடுவார். அவர் இல்லாவிட்டால் அவர் மருமகள் அங்கிருந்து தொடங்குவாள். சம்பாதிக்கும் வேலைதான் வேண்டும் என்றில்லை. கொளத்தூரிலிருந்து வரும் ஒரு பெரியம்மா பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் வடாம் பிழிவதை இன்னும் விடவில்லை. அவர் அதில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது, அத்தனை உப்பு. நாற்காலி போட்டு உட்கார்ந்து மகள்களை விரட்டுகிறார். போதுமே.

ஒன்றுக்கு மட்டும் நீங்களாகத் தேதி வைக்காதீர்கள். அந்தப் போனுக்கு. "தை பிறந்தால் வழி பிறக்கும், பாரேன்" என்பார்கள். ஜோசியர் ஒரு மாதம் சொல்வார். எங்கள் யூனிட்டில் ஒரு அண்ணன் குருப்பெயர்ச்சியை நம்பிக்கொண்டிருந்தார். குரு பெயர்ந்துவிட்டார், போன் வரவில்லை. அண்ணன் இனிமேல் டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று அடம் பிடித்து, மூச்சு வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். உங்கள் கையில் இருக்கிற காரியத்துக்குத் தேதி வையுங்கள். கையில் இல்லாததற்கு வேண்டாம்.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது

தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்று நாம் சொல்கிற உறுப்பு மாற்று ஆணையத்தில்தான் பட்டியல் இருக்கிறது. நம்மைப் பதிவது நம் மருத்துவமனை. ரத்த வகைக்குத் தகுந்தபடி வரிசை. நான் ஓ வகை. ஓ ரத்தக்காரர் எல்லாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ-விடமிருந்துதான் வாங்க முடியும். அதனால் எங்களுக்குப் பொதுவாகக் காத்திருப்பு நீளும். உங்களுக்கு அப்புறம் வந்த ஏபி வகைக்காரருக்கு முதலில் கிடைத்தால் யாரும் உங்களை ஏமாற்றிவிடவில்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி வயிற்றெரிச்சல் மிச்சம். 65 வயதுக்கு மேல் பதிய முடியாது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த வரம்பை மத்திய அரசு 2023-இல் எடுத்துவிட்டது. உடம்பு தாங்குமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பெயர் பட்டியலில் இருந்தாலும், காய்ச்சல், புண், நெஞ்சுச் சளி, எடுக்காமல் விட்ட இதயப் பரிசோதனை என்று ஏதாவது இருந்தால் கொஞ்ச காலத்துக்கு நம்மை ஒதுக்கிவைப்பார்கள், அல்லது கூப்பிட்டும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே மருத்துவமனையில் உறுப்பு மாற்று வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரைப் பார்க்கும்போது "நான் எத்தனாவது ஆள்?" என்று கேட்காதீர்கள். அந்த நம்பர் ஏறும், இறங்கும், தூக்கத்தைக் கெடுக்கும். நான் கேட்பது இவைதான்: என் பெயர் இப்போது கூப்பிடும் நிலையில் இருக்கிறதா? எந்தப் பரிசோதனை பழசாகிவிட்டது? பொருத்தம் பார்க்க என் ரத்தம் கடைசியாக எப்போது எடுத்தார்கள்? என் போன் நம்பர்கள் சரியாக இருக்கின்றனவா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடுவேன். பதிலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதற்குப் பக்கத்தில் தேதி.

பல் டாக்டரிடம் போங்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஆரம்பித்த பிறகு பெரிய தொல்லையாக வரும். ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி போட்டு முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஏற்றச் சொன்னால், வேறு வழி உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். அவசரமென்றால் மறுக்கக்கூடாது, ஆனால் வெளி ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகி அப்புறம் கிட்னி பொருந்துவது கடினமாகலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அது ஏற்கெனவே கொஞ்சம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஹீமோகுளோபினுக்கு ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். வலிக்கிறது என்று நான் முகம் சுளித்ததெல்லாம் இதைத் தெரிந்துகொண்டதோடு நின்றது.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கும் ஃபிஸ்டுலா எனக்கு இடது கையில். கத்தரி பிடிக்கும் கை வலது என்பதால் அப்படி. காலையில் கண் விழித்ததும் வலது கை விரல்களை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே விர்ரென்று ஒரு அதிர்வு ஓடும். ஓடினால் சரி, எழுந்து பல் தேய்க்கலாம். ஓடவில்லை என்றால் அன்றைக்குத் தையல் கடை மூடல், நேராக மருத்துவமனை. தண்ணீர்க் குடம், காய்கறிப் பை எதையும் அந்தக் கையில் தூக்குவதில்லை, பி.பி. பார்க்கவோ டயாலிசிஸ் தவிர வேறு ஊசி குத்தவோ விடுவதில்லை, இறுக்கமான வளையல் இல்லை. துணியைப் பிடித்துத் தள்ளுவதற்கு அந்தக் கை தாராளமாக உதவுகிறது.

பை ஒன்று எப்போதும் கட்டி வைத்திருங்கள். ஃபைல், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், இரண்டு நைட்டி, துண்டு, சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். என் பையில் கூடவே ஊசி, நூல், ஹூக் தைக்கவேண்டிய ஒரு ஜாக்கெட்டும் இருக்கும். காரணம் பின்னால் சொல்கிறேன். தெரியாத நம்பர் எதையும் வெட்டிவிடாதீர்கள். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வழியையும் யோசித்து வைக்கவேண்டும், நம் ஊர் மழை அப்படி. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் மறந்துவிட வேண்டியதுதான். ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாகப் போவது என்று தெரு முனை ஆட்டோ தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, பெருமழை எச்சரிக்கை வந்தாலே டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாகப் போட முடியுமா என்று யூனிட்டில் கேட்டுவிடுகிறேன்.

தாகம்

இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். குடிக்கிற தண்ணீரைக் கிட்னி வெளியேற்றாது என்பதால், சென்னை வெயிலில், கத்திரியில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று சொன்னால் முதல் வாரமே நம்பிக்கை எல்லாம் ஆவியாகிவிடும். அளவு ஆளுக்கு ஆள் வேறு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. வழி மட்டும் சொல்கிறேன்.

காலையில் அன்றைய அளவு முழுவதையும் ஒரே பாட்டிலில் ஊற்றிவைக்கிறேன். காபி குடித்தால் ஒரு டம்ளர் காபிக்குச் சமமாகப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம், மோர், கஞ்சி எதுவானாலும் அப்படியே. மாத்திரை விழுங்குவதற்கும் அதிலிருந்துதான். கண்ணால் பார்க்கும்போது மனசு ஏமாற்ற முடியாது. அந்த அளவிலேயே கொஞ்சத்தை ஐஸாக வைத்து, மத்தியானம் தைக்கும்போது ஒரு கட்டி வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு கிராம்பு ஒதுக்கிக்கொண்டாலும் வாய் வறளாது. வாய் கொப்பளித்துத் துப்பலாம், அதற்குக் கணக்கு இல்லை.

ஆனால் உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கவே முடியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் தின்றுவிட்டு தாகத்தோடு சண்டை போடுவது வீண். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள், பலவற்றில் பொட்டாசியம் இருக்கும், அது நம் இதயத்துக்கு ஆகாது. இளநீரும் அப்படித்தான். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஆசையாக வெட்டிக் கொண்டுவருவார்கள், கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள். நட்சத்திரப்பழம் என்கிற ஐந்து மூலைப் புளிப்புப் பழம் நமக்கு விஷம், ஒரு துண்டுகூடக் கூடாது. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். ருசியும் குறையும், அது உண்மை. பூண்டும் மிளகும் தாராளமாகத் தட்டிப் போடுகிறேன்.

இதற்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்றால், டயாலிசிஸுக்கு முன்னால் தராசில் ஏறும்போது எடை கட்டுக்குள் இருந்தால் அன்றைக்கு மெஷினில் தசைப்பிடிப்பு இல்லாமல் படுக்கலாம். சாயந்திரம் வீட்டுக்கு வந்து இரண்டு ஜாக்கெட் வெட்டலாம். தண்ணீர் ஏறிப் போனால் அந்த நாளும் போய் மறுநாளும் போகும். படுத்துக்கிடக்கும் நாளில்தான் கெட்ட நினைப்பு எல்லாம் வரும்.

"யாரோ சாகவேண்டும்"

இதை யூனிட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பட்டியலில் பெயர் ஏறின ராத்திரி அநேகமாக எல்லாருக்கும் வருகிற நினைப்பு. எனக்குக் கிடைக்கவேண்டுமானால் எங்கோ ஒருவர் சாகவேண்டுமே. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் காது அந்தப் பக்கம் போகும். போனதற்காக நம்மீது நமக்கே அருவருப்பு வரும். இதை அமுக்கிவைத்தால் நம்பிக்கை வைப்பதே பாவம் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு உதவியது, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பட்டியலில் இருக்கிற நமக்குக் கிட்னி வருவது பெரும்பாலும் மூளைச்சாவு, அதாவது மூளை மீள முடியாமல் செயலிழந்துபோன, ஒருவரிடமிருந்து. அதை ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்ய முடியாது. 1994-ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துத்தான் கையெழுத்து போடவேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. அதெல்லாம் முடிந்த பிறகு வீட்டாரிடம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு சரி. ஆக, அந்தச் சாவு நான் காத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்து முடிந்தது. நான் காத்திருப்பது அதற்கப்புறம் ஐ.சி.யூ. வராந்தாவில் ஒரு அம்மாவோ, அண்ணனோ, மனைவியோ சொல்லப்போகிற "சரி"க்கு.

2008-இல் ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையனின் பெற்றோர் அப்படிச் சரி சொன்னார்கள். இரண்டு பேருமே டாக்டர்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, பதினொரு நிமிஷத்தில் அந்த இதயம் போய்ச் சேர்ந்து ஒரு ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. இதயம் வெளியே நாலைந்து மணி நேரம்தான் தாங்கும் என்பதால் அந்த அவசரம். சிறுநீரகம் ஐஸில் ஒரு நாள்வரைகூடத் தாங்கும். அந்த வருஷம்தான் தமிழக அரசும் மூளைச்சாவு உறுப்புதானத்துக்கு முறைப்படி ஆணைகள் போட்டது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. பேப்பரில் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் நின்று படிக்கிறேன். மாலை போட்ட உடம்புக்குப் பின்னால் நிற்கிற குடும்பத்தின் முகத்தைப் பார்ப்பேன்.

வேண்டுதலும் ஒரு பிரச்சினையாக இருந்தது. என் மாமியார் திருவேற்காடு கருமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். "சீக்கிரம் கிடைக்கட்டும் தாயே" என்று அவர் சொல்லும்போது எனக்குக் கை கூப்ப வராது. இப்போது நான் வேண்டுவது வேறு. ரோட்டில் போகிற பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும். அதையும் மீறி ஒன்று நடந்துவிட்டால், அந்த வீட்டில் ஒருத்தருக்குச் சரியென்று சொல்ல மனசு வரட்டும். இப்படி வேண்டுவதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. தம்பி மகன் ஹெல்மெட் இல்லாமல் என் வாசலில் வண்டியை எடுத்தால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறேன். அத்தை சொல்வதால் கேட்கிறான், என் கையில் இருக்கும் பிளாஸ்திரியைப் பார்த்துக் கேட்கிறான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

போன் வந்தும் கிடைக்காமல் போனால்

ஒரு கிட்னிக்கு ஒருவரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். பொருத்தம் பார்க்க வரிசையில் உள்ள சிலரைக் கூப்பிட்டு ரத்தம் எடுப்பார்கள். இது தெரியாமல் போனால் நொறுங்கிப்போவீர்கள். போன் வந்ததும் கேட்கவேண்டியவை: சாப்பிடலாமா, தண்ணீர் குடிக்கலாமா, முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் என்று கூப்பிடும் மாற்று ஆளாக வருகிறேனா? சொல்லவேண்டியவை: கடைசி டயாலிசிஸ் எப்போது, காய்ச்சல் உண்டா, ரத்தம் ஏதாவது ஏற்றினார்களா.

எனக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, கொடுப்பவரோடு நம் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் க்ராஸ்மேட்ச் முடிவுக்காக வராந்தா பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு கல்லூரிப் பையனும் அவன் அம்மாவும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஒருத்தருக்குக் கிடைத்தால் இன்னொருத்தருக்கு இல்லை. நான் பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து ஹூக் வைக்க ஆரம்பித்தேன். மேல் பட்டியில் ஒன்று, அரை இஞ்ச் இறக்கி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்ணிலும் நாலு நாலு சுற்று, கழுத்துக்கு ஒரு சுற்று, முடிச்சு. டியூப்லைட் மங்கலாக இருந்ததால் நூலைக் கோக்க முடியவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். அப்புறம்தான் பேச்சு வந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பையன் என்ன படிக்கிறான். விடிகிற நேரத்தில் கோஆர்டினேட்டர் வந்து அவன் பெயரைச் சொன்னார்.

பொறாமை வந்ததா? வந்தது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, வந்துவிட்டுப் போகும். கிளம்பும் முன் கோஆர்டினேட்டரிடம் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். க்ராஸ்மேட்ச் ஒத்துவரவில்லையா, இல்லை பொருந்தியும் வரிசையில் முன்னால் ஆள் இருந்தாரா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். முதலாவது என்றால் அடுத்த தடவை டாக்டரிடம் அதைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும். இரண்டாவது என்றால் நீங்கள் போன் வரும் தூரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்கு இரண்டாவது.

வீட்டுக்கு வந்ததும் ஊர் விசாரிக்க வரும், துக்கத்துக்கு வருகிற முகத்தோடு. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பிவிட்டார்: "இந்த முறை வேறு ஒருவருக்குப் பொருந்தியது, இவள் நன்றாக இருக்கிறாள், ஞாயிறு வரை தூங்க விடவும்." மாநகரப் பேருந்து கண்டக்டர், கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியும். அடுத்த டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். ஹூக் வைத்த ஜாக்கெட்டை உரிய தேதியில் கொடுத்தேன்.

உறவு, பணம், புரோக்கர்

பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவாக ஏற்கிறது. இவர்களிடம் ஒரு தடவை, எல்லாரும் கூடியிருக்கும்போது, நிலைமையைச் சொல்லிவிடுங்கள். கேட்காதீர்கள், சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். என் தம்பி தானாக வந்து தருகிறேன் என்றான். அவன் மனைவி கண்ணில் பயம், அவளைக் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனையில் அவனுக்கே சர்க்கரை ஆரம்பித்திருப்பது தெரிந்தது. கிட்னி கிடைக்கவில்லை, ஆனால் அவனுக்கு நேரத்தில் மருந்து கிடைத்தது. தர மனசிருந்தும் ரத்த வகை சேரவில்லை என்றால், அதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் முறை சட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

"இன்னும் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு என் பதில்: "கிடைச்சா உங்களுக்குத் தெரியாம போயிடுமா?"

டீக்கடைப் பக்கம் ஒருவர் வந்து "ஆள் இருக்கு, இவ்வளவு ஆகும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உறுப்பை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். நம் களைப்பு தெரிந்துதான் அவர்கள் வருகிறார்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள், டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் அதில் வருகின்றன. பொருத்தின பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு. அதற்கு என்ன வழி என்று இப்போதே உங்கள் மருத்துவமனையில் கேட்டுவையுங்கள். அதற்காகவே நான் எங்கள் தெருவில் இருக்கும் பெண்களோடு ஒரு சின்னச் சீட்டு கட்டுகிறேன்.

ஊருக்குப் போங்கள்

டயாலிசிஸ்காரர்கள் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று யார் சொன்னது? போகிற ஊரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் முன்கூட்டியே இடம் சொல்லிவைத்தால் போய்வரலாம். இந்த ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய்வந்தேன். அங்கே கேட்டவை: சமீபத்திய ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட், நம் யூனிட்டிலிருந்து டயாலிசிஸ் விவரச் சீட்டு, அதில் ட்ரை வெயிட் (கூடுதல் தண்ணீர் இல்லாத எடை), ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் அளவு, ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் எது என்பது எல்லாம். ஊரில் இருக்கமாட்டேன், கூப்பிட்டால் இத்தனை மணி நேரத்தில் வந்துசேர முடியும் என்று கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சரி, கூப்பிட்டால் உடனே காரில் ஏறிவிடுங்கள் என்றார்.

பந்தியில் உட்காரும்போது பரிமாறுகிற பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு பொடிமாஸ் வேண்டாம். சாதத்தில் சாம்பாரைக் காயோடு கரண்டியால் கொஞ்சம், ரசத்துக்குக் கை நீட்ட வேண்டாம். பாயசம் இரண்டு ஸ்பூன், அன்றைய பாட்டிலிலிருந்து கழித்துக்கொள்ளலாம். லட்டு ஒன்று சாப்பிடலாம், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மணப்பெண் போட்டிருந்த ஜாக்கெட் நான் தைத்தது, பின் கழுத்து ஒன்பதரை இஞ்ச், கயிறு வைத்தது. ரிசப்ஷனில் நாலு பேர் விசாரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு மார்கழிக்குள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.